மாடிப்படி விளக்கு யார் கணக்கில்?

நான் சிறுமியாக இருந்தபோது திருவல்லிக்கேணியில் ஒரு 'ஸ்டோர்' வீட்டில் குடியிருந்தோம். பன்னிரண்டு குடித்தனம், பன்னிரண்டு மின்சார மீட்டர். அவரவர் அறை விளக்கு அவரவர் கணக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல் யார் வீட்டிலாவது வெளிச்சம் தெரிந்தால், "காசு என்ன கொல்லையிலா காய்க்கிறது?" என்று ஒரு குரல் கேட்கும். உடனே விளக்கு அணைந்துவிடும். அவ்வளவு சிக்கனம்!

ஆனால் மாடிப்படியில் ஒரு விளக்கு உண்டு. அது மட்டும் ராப்பகலாக எரியும். பட்டப்பகலில் கூட அதை அணைக்க ஒருவர் கையும் நீளாது. காரணம் வேறொன்றுமில்லை. அது எந்தக் குடித்தனத்தின் மீட்டரிலும் சேராத விளக்கு! ஒரு தை மாதம் வீட்டுக்காரர் எல்லோருக்கும் வாடகையை உயர்த்தினார். ஏன் என்று கேட்டதற்கு, பேசாமல் மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

எப்பொழுதோ மறந்துபோன அந்த விளக்கு, போன மாதம் ஒரு மாலை மெரினா மணலில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. இருட்டும் நேரம். துறைமுகத்துக்குள் நுழையத் தங்கள் முறைக்காக நங்கூரமிட்டுக் காத்திருந்த கப்பல்கள், ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டிருந்தன. கடலுக்குள்ளே கார்த்திகைத் திருநாள் போல் இருந்தது. ஒரு கப்பலின் புகைபோக்கியிலிருந்து மட்டும் மெல்லிய கோடாகப் புகை எழுந்து வானத்தில் கரைந்தது.

என்னோடு வந்திருந்த அக்காவின் பெண்ணுக்கு எட்டு வயது. அவள் கேட்டாள்: "சித்தி, அந்தப் புகை யாரோடது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புறப்பட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. உலகத்துப் பெரிய மனிதர்கள் பல வருஷங்களாக அதே கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்!

சமையலறையில் கப்பல்

"கப்பலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் பார்த்ததெல்லாம் சினிமாவில்தான்" என்று சொல்லும் சகோதரிகள், தயவு செய்து சமையலறைக்குள் ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.

சாம்பாருக்குப் போடும் துவரம் பருப்பில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலிருந்தும், பர்மாவிலிருந்தும் வருகிறது. பாமாயில் இந்தோனேஷியாவிலும் மலேஷியாவிலும் விளைந்தது. அடுப்பில் எரியும் காஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் அரபு நாடுகளின் பக்கத்திலிருந்து, கப்பலில் ஏறி வந்ததுதான். கூடத்துக்கு வந்தால் டெலிவிஷன், கையில் இருக்கும் டெலிபோனின் உள்ளுறுப்புகள், குழந்தையின் பொம்மை. எல்லாம் கடல் கண்டவை. உலக வியாபாரச் சரக்கில், எடைக் கணக்கில், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் கப்பலில்தான் போகிறது.

அண்ணாச்சியின் யந்திரம்

கப்பல் விஷயம் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணர், எங்கள் தெருவில் இருக்கும் தூத்துக்குடி அண்ணாச்சிதான். முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினீயராக உலகத்தைச் சுற்றிவிட்டு, இப்போது மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டிகளைச் சுற்றி வருகிறார்.

"வாங்க தங்கச்சி! யந்திரத்தைப் பத்தித்தானே கேக்கணும்? உங்க வீடு எத்தனை மாடி?" என்றார்.

"மூன்று மாடி, அண்ணாச்சி."

"அப்போ உங்க வீட்டைவிட உசரமா ஒரு யந்திரத்தை நினைச்சுக்குங்க."

அவர் மிகைப்படுத்தவில்லை. 2006-ல் கடலில் இறங்கிய 'எம்மா மேர்ஸ்க்' என்ற டேனிஷ் கப்பலின் யந்திரம் பதின்மூன்றரை மீட்டர் உயரம்; இருபத்தேழு மீட்டர் நீளம்; எடை சுமார் 2,300 டன். அதன் சக்தி ஒரு லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளுக்குச் சமம்!

இந்த ராட்சதனுக்கு ஆகாரம் என்ன? கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் வடித்து எடுத்த பிறகு, அடியில் தங்குகிற கசடு. தாரைப் போலக் கறுப்பாக, கெட்டியாக இருக்கும். சூடாக்கினால்தான் குழாயில் நகரும். பெரிய கண்டெய்னர் கப்பல் ஒன்று வேகமாகப் போனால், இந்த எண்ணெயை நாளொன்றுக்கு நூறு, இருநூறு டன் என்று விழுங்கும்.

"ஒரு டன் எண்ணெய் எரிச்சா மூணு டன்னுக்கு மேல கரியமில வாயு" என்றார் அண்ணாச்சி.

காப்பி கொண்டு வந்த அவர் மனைவி நின்றுவிட்டார். "அது எப்படி? ஒண்ணைப் போட்டா மூணு எப்படி வரும்? கணக்கு உதைக்குதே!" என்றார்.

எனக்கும் அதே சந்தேகம்தான். அண்ணாச்சி சிரித்தார். "நீ ஒரு ஆழாக்கு அரிசி வடிச்சா சோறு ஒரு ஆழாக்குத்தான் வருதா? தண்ணியைச் சேர்த்துக்கிட்டுப் பெருகுதில்ல? அதே மாதிரி எண்ணெயில இருக்கிற கரி, காத்துல இருக்கிற பிராணவாயுவைச் சேர்த்துக்கிட்டுப் பெருகுது."

கரியமில வாயு சாதாரணப் புகையைப் போல நாலு நாளில் கலைந்துவிடுவதல்ல. அதில் ஒரு பகுதி பல நூறு வருஷம் ஆகாயத்திலேயே தங்கி, பூமிக்குக் கம்பளி போர்த்தி உஷ்ணத்தை ஏற்றுகிறது. இன்னொரு பகுதி கடலில் கரைந்து தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. சிப்பிக்கும் பவளப் பூச்சிக்கும் ஓடு கட்டிக்கொள்வது கஷ்டமாகிறது.

கப்பலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு போகப் பெரிய கப்பல் ஏறக்குறைய பத்து கிராம் கரியமில வாயு விடுகிறது. லாரி அதைப் போலப் பல மடங்கு விடும். ஆகாய விமானமோ ஐந்நூறு கிராமுக்கும் மேல். ஆக, சிக்கனத்தில் கப்பலை மிஞ்ச ஆளில்லை. கப்பல் ஊதாரி அல்ல. அதன் மேல் நாம் ஏற்றும் மூட்டைதான் மலையாகிவிட்டது. அந்த மூட்டையிலும் வேடிக்கை பாருங்கள்: கப்பலில் போகும் சரக்கில் நூற்றுக்கு நாற்பது பங்கு போல நிலக்கரி, எண்ணெய், காஸ் ஆகியவைதான். எரிக்கப் போகும் பொருளைக் கொண்டுபோக ஒரு பொருளை எரிக்கிறோம்!

மீட்டர் இல்லாத குடித்தனம்

எல்லாக் கப்பல்களும் சேர்ந்து எவ்வளவு புகை விடுகின்றன? ஐ.நா. சபையைச் சேர்ந்த சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கெடுத்து 2020-ல் வெளியிட்டது. 2018-ல் 107 கோடி டன். 2012-ல் இருந்ததைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் அதிகம். மனிதர்கள் உலகில் விடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு மூன்று பங்கு.

"மூன்று பங்குதானே!" என்று தோன்றும். கிட்டத்தட்ட ஜப்பான் தேசம் முழுவதும் விடும் அளவு அது. ஆனால் ஜப்பானின் புகைக்குக் கணக்குக் கேட்டால் பதில் சொல்ல ஒரு சர்க்கார் இருக்கிறது. கப்பல் புகைக்கு?

ஒரு கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியது கொரியாவில். முதலாளி கிரேக்கர். கொடி லைபீரியாவினுடையது. காப்டன் நம் இந்தியர், மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்கள். எண்ணெய் நிரப்பியது சிங்கப்பூரில். ஏற்றி வருவது ஆப்பிரிக்கப் பருப்பு. சாப்பிடப் போவது நீங்களும் நானும். நடுக்கடலில் அது விடும் புகையை யார் பேரில் எழுதுவது?

1997-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தேசங்கள் கூடி, புகையைக் குறைக்க ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டபோது இந்தச் சிக்கல் எழுந்தது. தேசம்தோறும் ஒரு மீட்டர் வைத்தார்கள். சர்வதேசக் கப்பல்களின் புகையை மட்டும் எந்த மீட்டரிலும் சேர்க்காமல், லண்டனிலுள்ள அந்தக் கடல்சார் அமைப்பின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். மாடிப்படி விளக்கு என்று நான் சொன்னது இதைத்தான்.

கப்பல் புகையை இவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஓர் இலக்கை அந்த அமைப்பு முதல் தடவையாக நிர்ணயித்தது 2018-ல். நடுவே இருபத்தொரு வருஷம்! கியோட்டோ மகாநாட்டின்போது பிறந்த பெண் காலேஜ் படிப்பையே முடித்திருப்பாள்.

கொடி பறக்கிறது, தீவு மூழ்குகிறது

அந்த 2018-ம் சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே மார்ஷல் தீவுகள் என்று ஒரு குட்டி தேசம். இருபத்தொன்பது பவழத் தீவு வளையங்களும் சில தனித் தீவுகளும் சேர்ந்தது. எல்லா நிலத்தையும் கூட்டினாலும் 181 சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை 2021 கணக்குப்படி சுமார் 42,000. மலை கிடையாது, குன்று கிடையாது. கடல் மட்டத்திலிருந்து நிலத்தின் சராசரி உயரம் சுமார் இரண்டு மீட்டர். நம் வீட்டு நிலைப்படியின் உயரம்!

அவர்கள் பரம்பரையாகக் கடலோடிகள். தென்னை ஈர்க்குகளை வளைத்துக் கட்டி, சிப்பிகளைத் தீவுகளாகப் பொருத்தி, அலை எந்தத் திசையில் திரும்பும் என்று காட்டும் வரைபடம் செய்தவர்கள். அந்த ஈர்க்குப் படங்கள் இன்றும் பல தேசத்து மியூசியங்களில் இருக்கின்றன.

இந்தத் தேசத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. உலகிலேயே அதிகக் கப்பல்கள் பதிவாகியுள்ள கொடிகள் மூன்று: லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள். வரி குறைவு, சௌகரியம் அதிகம் என்பதால் அந்நிய முதலாளிகள் இந்தக் கொடியை வாடகைக்கு எடுப்பது போல் எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். பதிவு வேலையைக் கவனிக்கும் காரியாலயம் கூட அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில்தான் இருக்கிறது. தீவின் கொடியைக் கட்டிய கப்பல்களில் பல அந்தத் தீவின் பக்கமே வந்ததில்லை. அவற்றின் புகை மட்டும் கடல் மட்டத்தை உயர்த்தி வீட்டுக்கே வந்துவிடுகிறது.

டோனி டி ப்ரம் அந்தத் தேசத்தின் வெளிநாட்டு மந்திரி. 1954-ல், ஒன்பது வயதுப் பையனாக, தாத்தாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது வானம் முழுவதும் சிவந்ததைப் பார்த்தவர் அவர். சுமார் இருநூறு மைல் தொலைவில், பிகினித் தீவில், அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு அது. பெரிய தேசங்கள் செய்யும் காரியத்தின் பலன் எந்தச் சின்னத் தீவில் வந்து விழும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2015-ல் அவர் லண்டனில் கடல்சார் அமைப்பின் கூட்டத்துக்கு வந்தார். "கப்பல் புகைக்கு ஓர் அளவு வையுங்கள்" என்று கேட்டார். கப்பல் கொடியால் வருமானம் பெறும் தேசத்தின் மந்திரியே இப்படிக் கேட்டதுதான் ஆச்சரியம்! "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்துவிட்டார்கள். 2017-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டுதான் முதல் இலக்கு பிறந்தது. 2023-ல் அதையும் உயர்த்தி, 2050 வாக்கில் கப்பல் புகையை நிகரக் கணக்கில் பூஜ்யமாக்குவது என்று தீர்மானித்தார்கள்.

வழி இல்லாமலா போயிற்று?

முடியக்கூடிய காரியமா இது? அண்ணாச்சியைக் கேட்டேன்.

"முதல்ல மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார்.

கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், யந்திரத்துக்கு வேண்டிய சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. போய்ச் சேரும் நாள் சற்று அதிகமாகும். அதையும் கணக்கில் சேர்த்தாலும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 2008-ல் உலக வியாபாரம் படுத்துப்போனபோது, காசை மிச்சம் பிடிக்கக் கப்பல் முதலாளிகளே இந்த உபாயத்தைக் கையாண்டார்கள்.

காற்றும் திரும்பி வந்திருக்கிறது. 2023-ல் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல், முப்பத்தேழரை மீட்டர் உயரமுள்ள இரண்டு பாய்களை நிமிர்த்திக்கொண்டு சீனாவிலிருந்து பிரேஸிலுக்குப் போயிற்று. நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பாய்மரம்தான், எஞ்சினீயர் வேஷத்தில்! அதே வருஷம் 'லாரா மேர்ஸ்க்' என்ற கண்டெய்னர் கப்பல் மெத்தனால் எரித்து ஓட ஆரம்பித்தது. நம் தூத்துக்குடித் துறைமுகத்திலும் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கச் சிறிய சோதனை நிலையம் ஒன்று தொடங்கினார்கள். இதைச் சொன்னபோது அண்ணாச்சியின் முகத்தில் சொந்த ஊர்ப் பெருமை வழிந்தது.

சங்கடம் என்னவென்றால், இந்தப் புது எரிபொருள்கள் எல்லாம் விலை அதிகம், கிடைப்பதும் குறைவு. கசடு எண்ணெயோ மலிவு. புகைக்கு விலை இல்லாதவரை கசடு எண்ணெய்தானே ஜயிக்கும்?

உலகம் முழுவதற்கும் ஒரே சட்டம் போட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சம்பவம்: கப்பல் எண்ணெயில் கந்தகம் மூன்றரை சதவீதம் வரை இருக்கலாம் என்பது பழைய விதி. அது அரை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020 ஜனவரி முதல் தேதி மாற்றினார்கள். ஒரே தேதி, எல்லாக் கடல், எல்லாக் கொடி. நடந்தது! துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கிறவர்களின் மார்ச்சளிக்கு அது நல்ல செய்தி.

ஐம்பது காசுச் சண்டை

ஆகவே புகைக்கும் ஒரு விலை வைப்பது என்று பேச்சு எழுந்தது. 2021-ல், ஒரு டன்னுக்கு நூறு டாலர் என்று முதலில் கேட்டவர்கள் யார் தெரியுமா? மார்ஷல் தீவுக்காரர்களும் பக்கத்துச் சாலமன் தீவுக்காரர்களும்தான். அவர்கள் சாப்பிடும் அரிசி கூடக் கப்பலில்தான் வருகிறது. தங்கள் சோற்றுக்குத் தாங்களே வரி கேட்டார்கள்!

நாலு வருஷப் பேரத்துக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் ஒரு திட்டம் உருவாயிற்று. பெரிய கப்பல்கள் அனுமதித்த அளவுக்கு மேல் புகை விட்டால், அந்த அதிகப்படிக்கு மட்டும், ஒரு டன்னுக்கு நூறு டாலர் அல்லது 380 டாலர் என்று படிப்படியாகக் கட்டணம்; அந்தப் பணத்தில் சுத்தமான கப்பல்களுக்குச் சன்மானம். 63 தேசங்கள் ஆதரித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. எண்ணெய் விற்கும் தேசங்கள் உட்பட 16 எதிர்த்தன. பசிபிக் தீவுகள், "இந்த மருந்து நோய்க்குப் போதாது" என்ற கருத்தில் ஓட்டுப் போடாமல் இருந்துவிட்டன.

அக்டோபரில் அதைச் சட்டமாக்க லண்டனில் கூடினார்கள். "இது உலக வரி, எங்கள் ஜனங்கள் தலையில் விலைவாசி ஏறும்" என்று அமெரிக்கா பலமாக எதிர்த்தது. ஒத்திவைக்கலாம் என்று சவூதி அரேபியா தீர்மானம் கொண்டு வந்தது. 57 தேசங்கள் சரி என்றன. 49 கூடாது என்றன. 21 பேசாமல் இருந்தன. விஷயம் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப் போயிற்று.

விலைவாசி என்றதும் எனக்கும் பயம்தான். மாதச் சம்பளக் குடும்பம் அல்லவா! பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். மொசாம்பிக்கிலிருந்து சென்னைக்குக் கடல் வழி சுமார் 6,000 கிலோமீட்டர். அண்ணாச்சியின் பத்து கிராம் கணக்குப்படி, ஒரு கிலோ பருப்புக்கு 60 கிராம் கரியமில வாயு. அந்தப் புகை முழுவதற்குமே டன்னுக்கு நூறு டாலர் வீதம் கட்டினால் கூட, கிலோவுக்கு ஏறக்குறைய ஐம்பது காசு!

வெறும் பருப்புக் கணக்குத்தான் இது. தூரத்திலுள்ள ஏழைத் தேசங்களுக்கு இதுவும் பாரமாகலாம்; அவர்களுக்குக் கை கொடுக்க வழி செய்யத்தான் வேண்டும். ஆனால் வாரா வாரம் பருப்பு விலை நாலு ரூபாய் ஏறி இறங்குவதைப் பார்க்கும் நமக்கு, ஐம்பது காசு ஒரு தேசத்தை மூழ்கவிடப் போதிய காரணமாகப் படுமா?

மாடிப்படி விளக்கின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேனே! வாடகை உயர்ந்த அன்று ராத்திரி பன்னிரண்டு குடித்தனமும் படியிலே நின்று சண்டை போட்டது. "நாங்கள் கீழ் வீடு, மாடி ஏறுவதே இல்லை" என்றார் ஒருவர். "நாங்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறோம்" என்றார் இன்னொருவர். "அவர் வீட்டுக்குத்தான் விருந்தாளி அதிகம்" என்றார் மூன்றாமவர். அப்போது கீழ்க்கட்டில் அப்பளம் இட்டு விற்றுப் பிழைத்த பாட்டி மெள்ள எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ரூபாயைப் படியில் வைத்தாள். "இது என் பங்கு. நான் மாடி ஏறி ஒன்பது வருஷம் ஆச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு யாராலும் வாதாட முடியவில்லை. மறுநாளிலிருந்து அந்த விளக்கு பத்து மணிக்கு அணைந்தது. அதை அணைக்கும் முறை, வாரத்துக்கு ஒரு குடித்தனம் என்று சுற்றி வந்தது.

மார்ஷல் தீவுக்காரர்கள் தங்கள் ரூபாயை எப்போதோ படியில் வைத்துவிட்டார்கள்.

அக்கா பெண்ணுக்கு நான் இன்னும் பதில் பாக்கி வைத்திருந்தேன். நேற்று சாதத்தில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "அன்றைக்குக் கேட்டாயே, அந்தப் புகை யாருடையது என்று? அதில் கொஞ்சம் நம்முடையது."

அவள் தட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, வழக்கமாக மிச்சம் வைக்கிறவள், அன்றைக்கு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தாள்.